கெமிக்கலில் ஹானர்ஸா, டேட்டா சயின்ஸ் மைனரா?

கெமிக்கல் இன்ஜினியரிங் படிப்பவர்கள் மூன்றாம் ஆண்டை நெருங்கும்போது இந்தக் கேள்வி வந்துவிடும். ஹானர்ஸ் என்றால் சொந்தத் துறையிலேயே கூடுதல் பேப்பர்கள், மைனர் என்றால் வேறு துறையில். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் ஹானர்ஸ், மைனர் இரண்டுக்குமே கூடுதல் சுமை 18 கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் பேப்பர் என்றால் ஆறு. ஹானர்ஸுக்கு நிபந்தனை கடுமை: எந்தப் பேப்பரிலும் அரியரே விழுந்திருக்கக் கூடாது, சிஜிபிஏ 7.5 வேண்டும். நான் ஹானர்ஸ் எடுத்தவன். ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

மைனரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. பைத்தான், புள்ளியியல், மெஷின் லேர்னிங். ஐ.டி. பக்கம் போவதென்று முடிவெடுத்துவிட்டவருக்கு அதுவே சரி. இன்டர்வியூவில் அது எவ்வளவு எடுபடும் என்பதை அந்த வரிசையில் நின்றவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் நின்றதில்லை.

என்னை ஹானர்ஸ் பக்கம் இழுத்தது ஒரே விஷயம். கையில் வந்த எண்ணைச் சந்தேகப்பட அது கற்றுத்தருகிறது.

அமிலத்தையும் ஆல்கஹாலையும் ரெசின் மணிகளை வினையூக்கியாகப் போட்டு எஸ்டராக்கும் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பல லேப்களில் நடப்பதுதான். நான்கைந்து வெப்பநிலைகளில் வேகத்தை அளந்து, மடக்கை எடுத்து, வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராகப் புள்ளி வைத்தால் நேர்கோடு வரும். சாய்விலிருந்து ஆக்டிவேஷன் எனர்ஜி, அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, கிடைக்கும். பைத்தானில் இரண்டு வரியில் முடிகிற வேலை, புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர் 0.99 என்று வந்து மனதைக் குளிர வைக்கும். ஆனால் 60 கிலோஜூல் வர வேண்டிய இடத்தில் 30 வந்தால்? கோட்டில் பிழை இருக்காது. மணியின் துளைகளுக்குள் மூலக்கூறுகள் போய்ச் சேரும் வேகம் வினையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். இந்த உள்பரவல் தடை பலமாக இருந்தால் அளவீட்டில் தெரியும் எனர்ஜி உண்மையானதில் பாதியாகிவிடும். வினையின் வேகத்தைப் பரவலின் வேகத்தோடு ஒப்பிடும் தீலே மாடுலஸ் கணக்கை நாமே போட்டுப் பார்த்திருந்தால், 30ஐப் பார்த்ததுமே மணியைப் பொடித்து மறுபடி ஓட்டத் தோன்றும். வேகம் கூடினால் சந்தேகம் சரி. மூன்றாம் ஆண்டு ரியாக்‌ஷன் இன்ஜினியரிங்கில் இந்தச் சூத்திரம் வரத்தான் செய்கிறது, ஆனால் பரீட்சைக்கு முந்தைய வாரம் ஓட்டமாக ஓடிவிடும். உட்கார்ந்து அதைத் தருவிக்க நேரம் கிடைத்தது ஹானர்ஸில்தான்.

பைத்தானை வீட்டிலேயே கற்கலாம்; புரோகிராமில் தவறென்றால் கணினியே திட்டிவிடும். சமன்பாட்டுக்கு நாம் கொடுக்கும் எல்லை நிபந்தனையை (பவுண்டரி கண்டிஷன்) மாற்றிப் போட்டால் எந்த மெஷினும் திட்டாது, விடையும் பார்க்க அழகாகவே இருக்கும். அதற்கு விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிக்கிற ஒருவர் வேண்டும்.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கு உதவுமா என்றால், கொஞ்சம். வெப்பம், நிறை பரிமாற்றம், ரியாக்‌ஷன், கன்ட்ரோல் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் தேர்வு பிப்ரவரியில். ஏழாம் செமஸ்டரில் ஹானர்ஸ் பேப்பர்கள் அந்த நேரத்தைத் தின்னும். ஆறு பேப்பரில் பெரும்பாலானவற்றை ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம், பேப்பரை யார் எடுக்கிறார் என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் இணையவழி வகுப்புகளான என்பிடெல் வழியாகவும் கிரெடிட் சேர்க்கலாம்; அங்கே வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 சதவீதம், பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தருவிப்பை யாரும் திருத்தித் தர மாட்டார்கள். ஆறு பேப்பரையும் அப்படித்தான் முடிக்க வேண்டும் என்ற நிலை இருந்திருந்தால், நானும் மைனருக்கே போயிருப்பேன்.