அந்தச் சிரிப்பு யாருடையது? பழைய, புதிய சிட்காம்கள்: ஒரு விமர்சனம்

ஒரு சிட்காம் (அதே ஆட்கள் வாராவாரம் வரும் நகைச்சுவைத் தொடர்) தேறுமா தேறாதா என்று பார்க்க யூடியூபில் ஒரு குறுக்குவழி ரொம்பப் பிரபலம். ‘தி பிக் பாங் தியரி’யின் காட்சியை எடுத்து, பின்னால் வரும் சிரிப்பை மட்டும் அழித்துவிட்டுப் போடுவார்கள். விஞ்ஞானி நாயகன் ஷெல்டன் ஒரு வரி சொல்வார், மூன்று விநாடி மயான அமைதி, எல்லோரும் மரம் மாதிரி நிற்பார்கள், அப்புறம் அடுத்த வரி. “பார்த்தீர்களா, இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை” என்று கீழே கமென்ட் குவியும்.

இது நியாயமான சோதனையே இல்லை. அந்தத் தொடர் (2007–2019, 279 எபிசோட்) பெரும்பாலும் பார்வையாளர்களை உட்காரவைத்து எடுத்தது. கூட்டம் சிரிக்கும்போது அடுத்த வரியைச் சொன்னால் யார் காதிலும் விழாது, அதனால் நடிகர்கள் நிறுத்திக் காத்திருக்கிறார்கள். மேடை நாடகத்தில் நடப்பது அதேதான். சிரிப்பை அழித்தால் காத்திருப்பு மட்டும் மிஞ்சும். வேறு எந்த நல்ல மேடை சிட்காமை எடுத்து இப்படிச் செய்தாலும் இதே கதிதான். பிக் பாங்கின் உண்மையான குறை வேறு: பிற்பாதி சீசன்களில் வசனம் ஆளிடமிருந்து வராமல் ஆளின் ‘லேபிளி’லிருந்து வருகிறது. அதே சமயம் வெள்ளைப்பலகையில் இருக்கும் சமன்பாடுகள் சும்மா கிறுக்கியவை அல்ல. டேவிட் சால்ட்ஸ்பெர்க் என்ற இயற்பியல் பேராசிரியர் பார்த்துக் கொடுத்தவை.

ஆகவே எந்த சிட்காமை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? படப்பிடிப்பில் நிஜமாக ஆள் இருந்தார்களா, பின்னால் ஒட்டியதா, இல்லவே இல்லையா? கேமரா, வெளிச்சம், நடிப்பு, வசனத்தின் நீளம் எல்லாம் இதற்கேற்ப மாறும்.

ஆள் வைத்து எடுக்கும் முறைக்கு அச்சு வார்த்தது ‘ஐ லவ் லூசி’ (1951–57). ஸ்பான்சர், நியூயார்க்கிலிருந்து நேரலையாக நடத்தச் சொன்னார். அதில் நடித்த தம்பதி லூசில் பாலும் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். ஒருவழியாக, 35 எம்எம் ஃபிலிமில் எடுப்பது, கூடுதல் செலவுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது, பதிலுக்கு ஃபிலிமின் உரிமை தம்பதிக்கு என்று முடிவானது. மறுஒளிபரப்பு என்ற தொழிலே பெரிதாக வளராத காலம் அது. அந்த உரிமைதான் பிறகு பொன்முட்டை இட்டது.

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், ஊமைப்பட காலத்திலேயே ‘மெட்ரோபோலிஸ்’ ஒளிப்பதிவில் பங்கெடுத்தவர். மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடும்போது ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்ற முடியாது. எனவே மேலிருந்து எல்லா இடத்திலும் சீராக விழும் வெளிச்சத்தைப் போட்டார். இந்த வகை சிட்காம்கள் இன்றும் நிழலே இல்லாமல் ‘பளிச்’சென்று இருப்பதற்கு இதுதான் காரணம். சோபா எப்போதும் நம்மைப் பார்த்திருப்பது, சாப்பாட்டு மேஜையின் இந்தப் பக்கம் யாருமே உட்காராதது எல்லாம் நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவும் கூட்டமும் இருப்பதால்தான்.

லூசியில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் இரண்டாம் சீசனின் முதல் எபிசோட், ‘ஜாப் ஸ்விட்சிங்’ (1952). சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைத் துண்டாகப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். முதலில் மேற்பார்வையாளர் சட்டத்தைச் சொல்லிவிடுகிறார்: சுற்றாமல் ஒரே ஒரு சாக்லேட் தாண்டிப் போனாலும் வேலை காலி. பெல்ட் மெதுவாக நகர்கிறது, லூசியும் தோழி எத்தலும் சமாளிக்கிறார்கள். வேகம் கூடுகிறது. வாயில் போடுகிறார்கள், தொப்பிக்குள் ஒளிக்கிறார்கள், உடைக்குள் திணிக்கிறார்கள். மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார். பெல்ட் சுத்தமாக இருக்கிறது. ‘அடடா, பிரமாதமாகச் செய்கிறார்களே’ என்று நினைத்து இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார். தப்பிக்கச் செய்த திருட்டுத்தனமே கழுத்தைப் பிடிக்கிறது. இதே நேரத்தில் வீட்டில் அவர்களின் கணவர்கள் இருவரும் சமைக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பவுண்டு அரிசி என்று கணக்குப் போட்டு. உலை வைத்துப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்டதுமே சிரிப்பு வந்துவிடும், சட்டி பொங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பழையதைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படத்தின் தெளிவு வருடத்தைப் பொறுத்ததல்ல, எதில் பதிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஃபிலிமில் எடுத்தவற்றை (லூசி, ‘சியர்ஸ்’, ‘சைன்ஃபெல்ட்’, ‘ஃப்ரெண்ட்ஸ்’) மறுபடி ஸ்கேன் செய்து எச்டி ஆக்கலாம். வீடியோ டேப்பில் எடுத்த ‘ஆல் இன் தி ஃபேமிலி’ (1971–79) போன்றவற்றில் படத்தை உருவாக்கும் கோடுகள் பதிவானபோது இருந்த அளவுதான், கூட்ட முடியாது. எவ்வளவு பெரிய டிவியில் போட்டாலும் மங்கல் போகாது. பிரிட்டிஷ் தொடர்களில் இன்னொரு வேடிக்கை: அந்தக் காலத்தில் உள்ளே நடக்கும் காட்சி வீடியோவிலும் வெளியே நடக்கும் காட்சி ஃபிலிமிலும் எடுப்பது வழக்கம். ஆள் கதவைத் திறந்து தெருவுக்குப் போனதும் படத்தின் நிறமே மாறும். டிவியில் கோளாறு இல்லை.

ஃபிலிம் இருந்தும் கெடுத்த கதை சைன்ஃபெல்டுடையது. அன்றைய டிவியின் சட்டகம் 4:3 (அகலம் 4 என்றால் உயரம் 3). இன்றைய அகலத் திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்கினார்கள். 2021-இல் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தபோது ‘தி பாட்ஹோல்’ எபிசோடில் ஜார்ஜ் குனிந்து பார்க்கும் அந்தக் குழியே சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. எபிசோடின் பெயரே குழி! ‘தி சிம்ப்ஸன்ஸ்’ பழைய எபிசோடுகளுக்கும் இதுதான் நேர்ந்தது. மூன்று வகை பீரும் ஒரே குழாயிலிருந்துதான் மூன்று தொட்டிக்கும் போகிறது என்பது ஜோக். 2019-இல் டிஸ்னி பிளஸ் வெட்டிய வெட்டில் குழாய் காணாமல் போய் வெறும் தொட்டிகள் நின்றன. அங்கே மறு வருடமே பழைய சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி கொடுத்தார்கள். ஃப்ரெண்ட்ஸில் நேர்மாறான கோளாறு: ஓரங்களில் கூடுதல் படம் கிடைத்ததால், அங்கங்கே நடிகருக்குப் பதில் நிற்கவைத்த வேறு ஆள் ஓரத்தில் தெரிகிறார். பழைய டிவிடியில் 4:3 கிடைத்தால் விடாதீர்கள். ஃப்ரெண்ட்ஸின் அமெரிக்க டிவிடிகளில் ஒளிபரப்பில் இல்லாத கூடுதல் காட்சிகளும் உண்டு. புளூ-ரேயில் அவை இல்லை, ஒளிபரப்பான நீளம்தான்.

சைன்ஃபெல்டை முதல் சீசனிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் சீசன் ஐந்தே எபிசோட், நால்வரும் இன்னும் உருப்பெறவில்லை. இரண்டாவதில் ‘தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்’ (1991) பாருங்கள். மேஜை கிடைக்கக் காத்திருப்பது மட்டும்தான் கதை. அது பிடிக்கவில்லை என்றால் தொடரையே விட்டுவிடலாம், குற்றமில்லை.

ஒட்டிய சிரிப்புக்கு வருவோம். ‘மேஷ்’ (1972–83) கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவமனை. போர் நடந்தது மூன்று வருடம், தொடர் ஓடியது பதினோரு சீசன். எடுத்தது ஒற்றைக் கேமரா பாணியில், பார்வையாளர் இல்லாமல். ஆனால் சிரிப்பொலி இல்லாத காமெடியா என்று ஒளிபரப்பிய சிபிஎஸ் சேனல் ஒத்துக்கொள்ளவில்லை. மல்லுக்கட்டி வாங்கிய சலுகை: அறுவைசிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கிடையாது. பிபிசியில் சிரிப்பொலி இல்லாமலேயே ஒளிபரப்பானது. டிவிடியில் ஆடியோ மெனுவில் அதை அணைத்துவிடலாம், கட்டாயம் அணையுங்கள். யாருக்காகவும் யாரும் நிறுத்தவில்லை என்பதால் இங்கே அசட்டு இடைவெளி விழாது. மருத்துவர் ஹாக்ஐயின் கிண்டல், தூக்கமில்லாத மனிதன் பைத்தியம் பிடிக்காமலிருக்கப் பேசுகிற பேச்சாகக் கேட்கும். முதல் மூன்று சீசன் கலாட்டா ரகம். மூன்றாவதின் கடைசி எபிசோடில் நடப்பதை இங்கே சொல்வது பாவம். அதற்குப் பிறகு தொடரின் கனமே வேறு. 1983 பிப்ரவரி 28 அன்று வந்த இரண்டரை மணி நேர நிறைவை அமெரிக்காவில் பத்து கோடிக்கும் மேல் பார்த்தார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கலப்பினம் ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ (2005–14), அப்பா தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. செட் பார்க்க மேடை சிட்காம் மாதிரி, ஆனால் ஃபிளாஷ்பேக்குக்குள் ஃபிளாஷ்பேக் என்று தாவுவதால் கூட்டத்தை வைத்து எடுக்க முடியாது. எடிட் செய்து முடித்ததைப் போட்டுக் காட்டி, பார்த்தவர்களின் சிரிப்பைப் பதிந்து சேர்த்தார்கள். அதனால் நடிகர்களின் வேகமும் சிரிப்பும் சில இடங்களில் ஒட்டவில்லை. கடைசி எபிசோடில் பிள்ளைகள் பேசும் காட்சி ஆரம்ப வருடங்களிலேயே எடுத்துப் பெட்டியில் வைத்தது. கதை வளர்ந்த திசைக்கு அந்தப் பழைய முடிவு பொருந்தாமல் போனதற்குக் காரணம் இதுவே.

ஒரு ஹோட்டலில் நடக்கும் பிரிட்டிஷ் தொடர் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மொத்தம் பன்னிரண்டே எபிசோட்: 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. எழுதியவர்கள் ஜான் கிளீஸும் கோனி பூத்தும். ‘கம்யூனிகேஷன் ப்ராப்ளம்ஸ்’ எபிசோடில் காது கேட்காத மிஸஸ் ரிச்சர்ட்ஸ், பேட்டரி தீர்ந்துவிடும் என்று காதுக்கருவியை அணைத்தே வைத்திருப்பார். ஹோட்டல் முதலாளி பேசில் என்ன செய்கிறார் என்றால், சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைக்கிறார். அம்மா கருவியை முடுக்கி ஒலியைக் கூட்டுகிறார். இன்னும் வாயை மட்டும் அசைக்கிறார். இன்னும் கூட்டுகிறார். முழுசாகக் கூட்டியதும் கத்துகிறார் பாருங்கள்! ஒரு வில்லத்தனம், மூன்று படி, ஒரு வெடி. இதற்கு மொழியே தேவையில்லை.

‘எஸ் மினிஸ்டர்’ (1980–84), அதன் தொடர்ச்சியான ‘எஸ், ப்ரைம் மினிஸ்டர்’ (1986–88) இதற்கு நேரெதிர், முழுக்க மொழி. அதிகாரி சர் ஹம்ஃப்ரியின் அகராதியில் ஒரு முடிவு ‘சர்ச்சைக்குரியது’ என்றால் ஓட்டு குறையும், ‘துணிச்சலானது’ என்றால் தேர்தலே போச்சு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அமைச்சர் ஹேக்கரின் முகம் வெளுப்பதுதான் ஜோக். அரசு அலுவலகத்துக்கு ஒரு சான்றிதழுக்காக நாலு நடை நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சிரிப்பொலியே இல்லாத வகையில் ‘தி ஆஃபீஸ்’தான் திருப்புமுனை. பிரிட்டிஷ் மூலம் (2001–03) பன்னிரண்டு எபிசோடும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பும். அமெரிக்கப் பிரதி (2005–13) 201. சிரிப்பொலி இருந்த இடத்தில் இங்கே ஒரு பார்வை இருக்கிறது. அமெரிக்கப் பிரதியில் மேலாளர் மைக்கேல் அபத்தமாக ஏதோ சொல்வார், ஊழியர் ஜிம் திரும்பிக் கேமராவைப் பார்ப்பார். ‘இப்போது சிரிக்கலாம்’ என்ற அடையாளம் அதுதான். அளவாக வந்தால் அழகு, எபிசோடுக்குப் பத்து முறை வந்தால் அதுவும் ஒட்டிய சிரிப்பே. அமெரிக்க ஆஃபீஸின் முதல் ஆறு எபிசோட் மூலத்தின் நிழலில் தவிக்கிறது. இரண்டாம் சீசனில் மைக்கேலை வெறும் கொடுமைக்காரனாக இல்லாமல், பிடித்துப்போக வேண்டும் என்று ஏங்குகிறவனாக மாற்றினார்கள், வண்டி ஓடத் தொடங்கியது. அங்கிருந்து தொடங்குங்கள். மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கரெல் ஏழாவது சீசனில் விலகுகிறார், அத்துடன் நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. ‘பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்’ (2009–15) விஷயத்திலும் அதே வைத்தியம்: ஆறு எபிசோட் முதல் சீசனைத் தாண்டிவிடுங்கள்.

இப்போது ஓடுபவற்றில் இந்தப் பார்வை உத்தியை மிகவும் சிக்கனமாகக் கையாள்வது ‘அபாட் எலிமென்டரி’ (2021 முதல்). பணமில்லாத அரசுப் பள்ளி, ஆசிரியர்கள், அவ்வளவுதான். முதல் எபிசோடிலேயே ஆட்கள் முழுசாக நிற்கிறார்கள், இந்த வகையில் அது அபூர்வம். ‘ஷிட்ஸ் க்ரீக்’ (2015–20) அப்படியல்ல, முதல் சீசனில் அந்தப் பணக்காரக் குடும்பத்தைச் சகிக்கவே முடியாது. பொறுத்துக்கொண்டு இரண்டாம் சீசன் முடிவுவரை போங்கள். கடைசி சீசனுக்கு 2020-இல் ஒன்பது எம்மி (அமெரிக்க டிவி விருது) கிடைத்தது சும்மா இல்லை.

கடைசியாக சப்டைட்டில். நகைச்சுவைக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கேள்வியும் பதிலும் ஒரே திரையில் இரண்டு வரியாக வந்துவிடும். நடிகர் வாயைத் திறக்குமுன் நாம் ஜோக்கைப் படித்து முடித்திருப்போம், அப்புறம் அவர் சொல்வது எதிரொலி மாதிரி இருக்கும். லூசி, ஃபால்ட்டி டவர்ஸ் இரண்டுக்கும் அணைத்துவிடுங்கள். எஸ் மினிஸ்டருக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். சர் ஹம்ஃப்ரியின் ஒரு வாக்கியம் மூன்று நாலு திரைக்கு நீளும், ஆகவே முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும் அபாயம் அங்கே இல்லை.