நசுங்கின போல்ட் மரை: டையா, சேஸரா, த்ரெட் ஃபைலா?

போல்ட் மரை அடிவாங்கிடுச்சுன்னா நிறைய பேருக்கு கை நேரா டை செட்டுக்குத்தான் போகுது. என்னைக் கேட்டா அதை கடைசியாத்தான் எடுக்கணும். டைங்கறது வெறும் கம்பியில புதுசா மரை வெட்டுறதுக்கு உள்ளது, ஆனா நாம வாங்குற போல்ட்ல பெரும்பாலும் மரையை வெட்டியிருக்க மாட்டாங்க, அழுத்தி உருட்டி எடுத்திருப்பாங்க, உலோகம் அறுபடாம ஒதுங்கி மேடாகியிருக்கும், அந்த மரையோட பலமே அதுதான். அதுல டையை ஓட்டினா நசுங்கின இடத்தோட நிக்காம நல்லா இருக்கற மரையையும் சேர்த்து சுரண்டிடும், அப்புறம் நட்டு போட்டா லொடலொடன்னு ஆடும்.

இன்னொரு தலைவலி ஆரம்பிக்கற இடம். சுத்தியல் பட்டு நசுங்குறது பொதுவா நுனியில, முதல் ரெண்டு மூணு மரையிலதான், டையும் அந்த நுனி வழியாத்தான் நுழையணும். வழி காட்ட வேண்டிய மரையே கெட்டுக் கிடக்கு! லேசா சாய்ஞ்சு பிடிச்சுதுன்னா பழைய மரைக்கு குறுக்கால புதுசா ஒரு பாதையை வெட்டிக்கிட்டு போயிடும், அதுக்கப்புறம் அந்த போல்ட்டை காப்பாத்த முடியாது.

சேஸர், அதாவது ரீத்ரெடிங் டை, கொஞ்சம் தேவலாம். வெளிப்பக்கம் ஆறு பட்டை இருக்கும், ஸ்பேனர் போட்டே சுத்தலாம், பெருசா வெட்டாது, மேடான உலோகத்தை தள்ளி சரி பண்ணும். துரு, பெயின்ட், சின்ன பிசிருக்கு இதுவே போதும். ஆனா இதுவும் நுனியிலிருந்துதான் ஏறணும், அதோட ஒவ்வொரு சைஸுக்கும் ஒவ்வொரு பிட்ச்சுக்கும் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல உள்ள தூரம்) தனித்தனி பீஸ் வேணும். எம்10, அதாவது 10 மி.மீ. விட்டம் உள்ள போல்ட்டே 1.5, 1.25, 1.0 மி.மீ.னு மூணு பிட்ச்ல வருது, கண்ணால பார்த்து இதுதான்னு சொல்றதெல்லாம் வேலைக்கு ஆகாது, பிட்ச் கேஜ், அதாவது பிட்ச்சை அளக்குற பல்லு வெச்ச தகடு, அதை வெச்சுப் பார்த்துட்டு எடுங்க.

என் ஓட்டு த்ரெட் ஃபைலுக்குத்தான். சதுரமா ஒரு கட்டை அரம், நாலு பக்கம், ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு முனைக்கும் வேற வேற பிட்ச், ஆக மொத்தம் 8. மெட்ரிக் ஃபைல்ல வழக்கமா 0.75ல ஆரம்பிச்சு 3.0 வரைக்கும் இருக்கும். விட்டம் என்னன்னு கவலையே இல்ல, எம்8க்கும் எம்10க்கும் பிட்ச் 1.25னா ஒரே பக்கம்தான், இடது மரைக்கும் (எதிர்ப்பக்கமா சுத்தி ஏறுற மரை) அதுவே ஓடும். ஃபைலோட பல்லுல பாதி நல்ல மரையில உட்காரணும், மீதி நசுங்கின மரை மேல வரணும், அப்பதான் நல்ல மரை பிடிச்சு நேரா கூட்டிட்டுப் போகும். மரை ஓடுற சரிவுலயே முன்னாடி தள்ளும்போது மட்டும் அழுத்தி, ரெண்டு மூணு தள்ளுக்கு ஒருதரம் போல்ட்டை கொஞ்சம் திருப்பிக்கணும். நசுங்கின இடத்துல தட்டையா ஒரு மினுமினுப்பு தெரியும் பாருங்க, அது சுருங்கி பக்கத்து மரை மாதிரி ஆனதும் நிறுத்திடலாம். டை முழு வட்டத்தையும் தொட்டுடும், ஃபைல் நீங்க வெச்ச இடத்தை மட்டும்தான் தொடும், விஷயமே அதுதான். என்ன, நேரம் எடுக்கும், தலையில 12.9னு பல கிரேடு போட்ட கெட்டி போல்ட்ல வழுக்கிக்கிட்டுத்தான் போகும். விட்வொர்த்ங்கற பழைய பிரிட்டிஷ் இன்ச் மரைக்கு மெட்ரிக் ஃபைலை வெச்சுடாதீங்க, அதோட மரைக் கோணம் 55 டிகிரி, இதோடது 60.

எஞ்சின் பிளாக்ல நிக்கற ஸ்டட் (தலை இல்லாத மரைக் கம்பி), வெல்டு பண்ண போல்ட், இதையெல்லாம் கழட்டி வைஸ்ல வைக்க முடியாது, ஃபைல் தேய்க்க இடமும் இருக்காது. இங்கதான் ரெண்டா பிரியற சேஸர் ஜெயிக்குது. அடியில இருக்கற நல்ல மரையில ரெண்டு பாதியையும் கவ்வ வெச்சு மூடி, வெளிப்பக்கமா சுத்திக்கிட்டே வந்தா நல்ல மரையே நசுங்கின இடத்துக்கு வழி காட்டும், குறுக்கு மரை விழுற பயம் கிடையாது. சைஸை அட்ஜஸ்ட் பண்ணி சின்ன வி பிளேடு வெச்சு இழுக்கற யுனிவர்சல் டூலும் இருக்கு, அதோட ரேஞ்சுக்குள்ள எந்த பிட்ச்சுக்கும் ஒண்ணே போதும், ஆனா பிடிக்க கொஞ்சமாச்சும் நல்ல மரையும் சுத்திவர கை போக இடமும் வேணும்.

நட்டுல ஹேக்ஸா போட்டு கீறி சேஸர் மாதிரி ஓட்டுறது பெயின்ட் எடுக்க சரி, நசுங்கலுக்கு உதவாது.

எந்த டூல் எடுத்தாலும் பிரேக், ஸ்டீயரிங், சக்கர போல்ட்ல இந்த வேலையே வேண்டாம், புதுசு போட்டுடுங்க. மத்த போல்ட்லயும் பிட்ச் கேஜ் ஒரு முனையில சரியா உட்கார்ந்து போகப்போக விலகுதுன்னா போல்ட் இழுபட்டிருக்கு, தூக்கிப் போட வேண்டியதுதான்.

தேய்ச்சு முடிச்சதும் எண்ணெய் விட்டு நட்டை கையாலயே ஓட்டிப் பாருங்க. எங்கயாவது பிடிச்சா எண்ணெயைத் துடைச்சுட்டு அங்க மார்க்கர் மை தடவி நட்டை மறுபடி ஓட்டி எடுங்க, மை அழிஞ்ச இடம்தான் இன்னும் மேடு, அதை மட்டும் ரெண்டு தேய் தேய்ச்சா போதும்.