தெற்குப் பார்த்த சன்னலா, வடக்குப் பார்த்த சன்னலா? டர்பன் வீடுகளில் கைக்குழந்தையைப் படமெடுக்கும் புதியவர்களுக்கு ஓர் ஒப்பீடு

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, பதினாறாம் நாள் பெயர் சூட்டுவதற்கு முன்பே நல்ல படங்கள் சில எடுத்து உறவினர்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசையில் நான் முதன்முறையாகக் கேமராவைக் கையில் எடுத்தேன். ஒளிப்படக் கலையைக் கற்பிக்கும் நூல்களும் காணொளிகளும் ஒரே குரலில் சொல்லியிருந்த அறிவுரை, வடக்குப் பார்த்த சன்னலருகே குழந்தையைக் கிடத்துங்கள், அங்கேதான் மென்மையான வெளிச்சம் கிடைக்கும் என்பதாகும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் முன்கூடம் வடக்குப் பார்த்தது. அங்கே நான் எடுத்த முதல் இருபது படங்களிலும் குழந்தையின் ஒரு கன்னம் வெள்ளைத்தாளைப் போல வெளுத்தும் மறு கன்னம் கரியைப் பூசியதைப் போல இருண்டும் இருந்தன. போதாக்குறைக்குத் திருடர்களுக்காகச் சன்னலில் பொருத்திய இரும்புக் கம்பிகளின் நிழல் நெற்றியிலிருந்து மோவாய் வரை வரிவரியாக விழுந்திருந்தது.

அறிவுரையில் தவறில்லை. அது பூமியின் மறுபாதியில் வாழ்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறது. சூரியன் தலைக்கு நேராக வரக்கூடிய தென் எல்லையாகிய மகரரேகையோ 23.4 பாகையில் முடிந்துவிடுகிறது. ஆகவே ஆண்டின் எந்த நாளிலும் நம் ஊரில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வடக்குச் சன்னல் செய்கிற வேலையை இங்கே தெற்குச் சன்னல் செய்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துக் கற்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சென்னையிலேயே ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், வடக்குச் சன்னல் என்ற விதி அங்கும் ஆண்டு முழுவதும் பொருந்துவதில்லை.

இனி இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். தெற்குச் சன்னல் வழியாக வருவது பெரும்பாலும் வானத்தின் வெளிச்சம். சூரியனின் நேர்க்கதிர் அன்று. வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்காகி, சன்னலின் அகலம் முழுவதிலிருந்தும் வெளிச்சம் குழந்தையின் மேல் படிவதால், மூக்கின் நிழல் கன்னத்தில் ஒரு கோடாக விழாமல் மெல்லக் கரைந்து மறைகிறது. காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே அந்த வெளிச்சம் பெரிதாக மாறுவதும் இல்லை. பால் குடித்த குழந்தை எப்போது உறங்கும், எப்போது விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத வீட்டில், ஒருமுறை சரிசெய்த அளவுகளை மணிக்கணக்கில் மாற்றாமல் இருக்க முடிவது புதியவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி என்பேன்.

வடக்குச் சன்னலின் குணம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூன் மாதத்தில் டர்பனின் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகை உயரமே ஏறுகிறது. அதனால் வெயில் சன்னலுக்குள் நெடுந்தூரம் நீண்டு, தரைவிரிப்பைத் தாண்டிச் சோபாவின் மேல் ஏறிவிடும். டிசம்பரில் அதே சூரியன் ஏறத்தாழ 83 பாகை உயரத்தில், உச்சந்தலைக்குச் சற்று வடக்கே நிற்பதால், கூரையின் இறவாரமே வெயிலை வெளியே நிறுத்திவிடுகிறது. கோடை நண்பகலில் வடக்குச் சன்னலும் மென்மையான வெளிச்சத்தையே தரும் என்பதை நான் அடுத்த டிசம்பரில், குழந்தை தவழத் தொடங்கிய பிறகுதான் கண்டுகொண்டேன். அதே கோடையில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைவதால், தெற்குச் சன்னலுக்குள் விடியற்காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் கொஞ்சம் நுழையும். டிசம்பரில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே உதித்துவிடுவதால், காலைப் படங்களை எட்டு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

குளிர்காலத்தில் தெற்கு அறைக்கு ஒரு குறை உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்த ஒப்பீடு நேர்மையாக இராது. வெயில் படாத அந்த அறை குளிர்ந்திருக்கும். துணி குறைத்துப் படமெடுக்க நினைத்தால் குழந்தை சில நிமிடங்களில் முகம் சுளித்து அழத் தொடங்கிவிடும். வடக்கு அறை கதகதப்பானது. குழந்தை அங்கே நிம்மதியாக உறங்கும். என் முடிவு, அறையைக் கால் மணி நேரம் முன்பே சூடேற்றி, குழந்தையைத் துணியால் நன்றாகச் சுற்றி, முகத்தையும் கைகளையும் மட்டும் படமெடுத்துக்கொண்டு தெற்கு அறையிலேயே இருந்துவிடுவது. முதல் மாதத்தில் படத்துக்கு வேண்டியதெல்லாம் முகமும் விரல்களும்தாம்.

வடக்கு அறையைத் தவிர வேறு வழி இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே நம் வீடுகளில் வழக்கமாகத் தொங்கும் வெள்ளை வலைத்திரையே கைகொடுக்கும். ஒற்றை வலைத்திரை குளிர்கால வெயிலைத் தாங்காது. கம்பிகளின் நிழல் மங்கலாகவேனும் தெரியும். அதன்மேல் ஒரு மெல்லிய வெள்ளைப் படுக்கை விரிப்பையும் சேர்த்துத் தொங்கவிட்டால், வெயில் பட்ட துணி முழுவதுமே ஒரு பெரிய விளக்காக மாறி, கம்பி நிழல் அடியோடு மறைந்துவிடும். பூப்போட்ட திரையையோ நிறமுள்ள திரையையோ பயன்படுத்தினால், அந்த நிறம் அப்படியே குழந்தையின் தோலில் ஏறிவிடும்.

மூன்றாவது போட்டியாளர் முன்வாசல். கதவை அகலத் திறந்து, வாசலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தரையில் பாயை விரித்தால், எந்தச் சன்னலையும் விடப் பெரிய ஒளிவாய் கிடைக்கிறது. வெளிச்சம் தரைமட்டம் வரை இறங்குகிறது. ஆனால் காற்றும் தூசியும் கூடவே வருகின்றன. வெளியே புல்தரை இருந்தால் அதன் பச்சை நிறம் மோவாயின் அடியில் படிந்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு இது வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல், ஓரிடத்தில் கிடக்க மறுக்கும் பருவத்தில், சன்னலைவிட வாசலே மேல்.

எந்தத் திசை என்று தீர்மானித்த பிறகும் குழந்தையை எப்படிக் கிடத்துவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. புதியவர்களின் படங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். குழந்தையின் கால்கள் சன்னலை நோக்கியிருந்தால், வெளிச்சம் மோவாயின் அடியிலிருந்து மேலேறி, மூக்குத் துளைகளையும் கண்ணின் மேலிமையையும் வெளுக்கச் செய்து, இருட்டில் முகத்துக்குக் கீழே டார்ச் அடித்ததைப் போன்ற தோற்றத்தைத் தரும். தலை சன்னல் பக்கம் இருந்தால், வெளிச்சம் நெற்றியிலிருந்து மூக்கின் வழியே கீழே வழிந்து, உதட்டுக்குக் கீழே சிறிய நிழலை இடும். நாம் வெளியில் மனிதர்களைப் பார்த்துப் பழகிய வெளிச்சம் அதுவே. தலையைச் சன்னல் பக்கம் வைத்து, உடலை ஏறத்தாழ 45 பாகை திருப்பிக் கிடத்துவது எனக்குக் கைவந்த நிலை. என் தங்கை மகள் அந்த நிலையில் உறங்கிய ஒரு முற்பகலில், அவள் மேலுதட்டின் நடுவே பால் குடித்துக் குடித்து எழுந்திருந்த சிறு கொப்புளமும், காதோரத்தில் பொன்னிறமாகப் படிந்திருந்த பூனைமயிரும், முன்தினம் எடுத்த ஒரு படத்திலும் தெரியாதவை, தொட்டுப் பார்க்கலாம் போலத் தெளிவாகப் பதிந்தன.

சன்னலுக்கு எதிர்ப்புறத்தில் நாற்காலி முதுகில் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டு வைத்தால், இருண்ட கன்னத்துக்கு வெளிச்சம் திரும்பி வரும். கடையில் விற்கும் மடக்குத் தகடு வேண்டியதில்லை. ஆனால் எதிர்ச்சுவரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் படுக்கையறைச் சுவர் மஞ்சள் நிறம். அங்கே எடுத்த படத்தைக் கண்ட ஆயா, “கண்ணு, புள்ளைக்கு மஞ்சக் காமாலையா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்று பதறிப்போனார். பிறந்த முதல் வாரங்களில் பல குழந்தைகளுக்கு உண்மையிலேயே மஞ்சள் காணுவதுண்டு. அதனால் சுவரின் மஞ்சளும் தோலின் மஞ்சளும் படத்தில் ஒன்றாகிப்போவது வெறும் அழகுக் குறைபாடு அன்று. வெள்ளை விரிப்பு அந்தச் சுவரை மறைத்ததும் நிறம் சரியாகிவிட்டது.

அறை விளக்கை அணைப்பதா, எரியவிடுவதா என்பதற்கு விடை எனக்கு மின்வெட்டில் கிடைத்தது. அந்த ஆண்டு நாடெங்கும் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தது. மின்சாரம் போன வேளையில் எடுத்த படங்களில் தோலின் நிறம் சீராகவும், விளக்கெரிந்தபோது எடுத்தவற்றில் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் ஆரஞ்சாகவும் இருப்பதைக் கண்டு வியந்தேன். வானத்தின் வெளிச்சம் நீலம் சார்ந்தது. வீட்டு விளக்கும், பூசை மாடத்தில் எரியும் காமாட்சி விளக்கும் செம்மஞ்சள் சார்ந்தவை. கேமராவால் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் ஈடு செய்ய முடியாது. பகலில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கேமராவில் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பாகிய வெண்சமநிலையை நிழல் என்ற குறியீட்டில் வைத்தால், தெற்குச் சன்னலின் நீலச்சாயல் நீங்கித் தோல் இயல்பான கதகதப்பைப் பெறும்.

கருவியைப் பற்றிய கேள்வியைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது பலர் நினைப்பதைவிடச் சிறிய கேள்வி என்பதே. உறங்கும் குழந்தை, தெற்குச் சன்னல், ஒரு மீட்டர் தொலைவு என்ற மூன்றும் அமைந்துவிட்டால் கைபேசியே போதும். கைபேசியை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பருத்துத் தெரியும் என்பதால், சற்றுத் தள்ளி நின்று இரட்டைப் பெருக்கத்தில் எடுக்க வேண்டும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சிறிது குறைக்க வேண்டும். பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும் வசதி காதோர மயிரையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. இரவுப் பயன்முறை பல படங்களை ஒன்றாக அடுக்குவதால், அசையும் கை புகையாகிவிடுகிறது. இரண்டையும் நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ், கைபேசியைவிட மேலானது என்ற எண்ணத்தில் புதியவர்கள் வாங்குவது. இருண்ட அறையில் அது ஏமாற்றிவிடும். 55 மி.மீ. அளவில் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்). எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மேகம் மூடிய ஒரு காலையில், வெளிச்சத்தை உணரும் திறனின் அளவாகிய ஐ.எஸ்.ஓ. 1600இல், முதல் லென்ஸ், படம் பதியும் நேரமாகிய ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்கு இழுத்துச் சென்றபோது, இரண்டாவது 1/300 நொடியை எட்டியது. உறங்கும் குழந்தைக்கு 1/125 போதும். கை கால் உதைக்கும் குழந்தைக்கு 1/250க்குக் குறைந்தால் விரல்கள் மங்கிவிடும். அந்த லென்ஸ்கள் பல நிறுவனங்களின் பட்டியலிலும் விலை குறைந்தவற்றுள் இருப்பவை, பழையதாகவும் கிடைக்கும். இரண்டாவதாக ஒரு லென்ஸ் வாங்க முடியுமானால் அதையே வாங்குங்கள்.

அதற்கும் ஒரு கண்டிப்பு உண்டு. படத்தைப் பதிக்கும் சில்லாகிய உணரி சிறியதாக உள்ள கேமராவில், ஒரு மீட்டர் தொலைவில், எஃப் 1.8இல் தெளிவாக விழும் ஆழம் 3 செ.மீ.க்கும் குறைவு, மூக்கு நுனி தெளிந்தால் கண் மங்கும். எஃப் 2.8க்கு மூடினால் அந்த ஆழம் 4 செ.மீ.க்குச் சற்று மேலாகும். கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணில் குவியத்தை வைத்துவிட்டால் மற்றக் கண்ணும் ஓரளவு பிடிபடும். மேலிருந்து எடுக்கும்போது கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டாமல் குழந்தையின் மேல் குனியவே கூடாது. கையில் மோவாயைத் தாங்கியிருப்பதாகக் காட்டும் படங்கள், தொழில்முறையாளர்கள் குழந்தையின் தலையைப் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க இரண்டு படங்களாக எடுத்து ஒட்டியவை. வீட்டில் அவற்றை முயல வேண்டாம்.

குளிரூட்டிய அறையிலிருந்து டர்பனின் கோடை ஈரத்துக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி படரும். படமெடுக்கத் தொடங்கும் முன் அரை மணி நேரம் அதைப் பைக்குள்ளேயே, தெற்கு அறையிலேயே வைத்துவிட்டு, அதற்குள் குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்துவிடலாம்.