இரவுச் சாலைக்கு எது: சாஷா–டிக்வீடா, ஓக்கன்ஃபோல்டா?

கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை வழியாக ஈரோட்டுக்கு இரவில் கார் ஓட்டிச் செல்பவர், பல பாட்டுகளை ஒரு டிஜே ஒன்றோடொன்று இணைத்து, வழியெங்கும் அறுபடாமல் ஒலிக்கச் செய்யும் டிஜே மிக்ஸ் ஆல்பம் ஒன்றைத் தேடினால், இரண்டைப் பரிசீலிக்கலாம். ஒன்று, பிரிட்டிஷ் டிஜேக்களான சாஷாவும் ஜான் டிக்வீடும் 1996இல் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் என்ற இசை நிறுவனம் வழியாக வெளியிட்ட ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’. மற்றொன்று, இன்னொரு பிரிட்டிஷ் டிஜேயான பால் ஓக்கன்ஃபோல்ட் 1998இல் தந்த ‘டிரான்ஸ்போர்ட்’.

ஓக்கன்ஃபோல்டின் ஆல்பம் ஒரே வட்டில் அடங்கிய, டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசை. தாளம் சட்டென நின்று, மெட்டு மட்டும் தனியே எழும்பி, பிறகு தாளம் முழு வேகத்தில் திரும்பும் அந்த உத்தியை அது தயங்காமல் கையாளுகிறது. அதிலுள்ள ‘கிரீஸ் 2000’ என்ற பாட்டு ஒலிக்கும்போது, இந்த இசையை முன்பின் கேட்டிராதவரும் மெட்டைப் பிடித்துக்கொள்வார். ஆனால் உச்சங்கள் அடுத்தடுத்து வருவதால், பாதிக்கு மேல் எந்த உச்சமும் உச்சமாகத் தோன்றுவதில்லை.

‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ அந்த அவசரத்தைத் தவிர்க்கிறது. வடக்கு, தெற்கு என்று பெயரிடப்பட்ட இரண்டு வட்டுகளில், மிதக்கும் ஒலிகளிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லத் தாளத்தைச் சேர்த்துக்கொண்டு போகும் அதன் புரோகிரசிவ் ஹவுஸ் என்னும் நடன இசையில், ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே நுழைந்தது என்று சொல்வது கடினம். ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருவது சலிப்பு என்பார்கள். சோமனூர் விசைத்தறிச் சத்தத்தில் உறங்கிப் பழகியவர்களிடம் இந்த வாதம் எடுபடாது. நிதானம் தேவைப்படும் ஆழியாறு–வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இந்த ஆல்பமே பொருந்தும். கண் அயரத் தொடங்கும் நேரத்தில், நேரான நெடுஞ்சாலையில், ஓக்கன்ஃபோல்டே மேல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அயர்வு மிகுந்தால் எந்த ஆல்பமும் உதவாது, வண்டியை ஓரங்கட்டி ஒரு டீ குடிப்பதே முறை.

சாஷாவின் ‘இன்வால்வர்’ (2004) ஆல்பத்தை இங்கே பலர் மூன்றாவதாக நிறுத்துவார்கள். பிறர் பாட்டுகள் ஒவ்வொன்றையும் அவரே மறுஆக்கம் செய்து கோத்த அதை, பாட்டுத் தேர்வையும் இணைப்பையும் நம்பிய மற்ற இரண்டோடு ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல.

எதைத் தேர்ந்தாலும், பாட்டுகள் தனித்தனிக் கோப்புகளாக இருந்தால், வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணைத்துவிட்டு, இடைவெளியின்றி இயக்கும் வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும். இல்லையெனில், டிஜே பார்த்துப் பார்த்துச் செய்த இணைப்புகளில் அரை விநாடி மௌனம் விழும்.