பீங்கான் மண்ணுக்குப் பாராட்டு, உடன் வந்த கிளேஸ் குறித்து ஓர் எச்சரிக்கை

கும்பகோணத்தில் உள்ள எனது சிறிய பட்டறைக்காக, இணையவழி விற்கும் வெளிமாநில நிறுவனம் ஒன்றிடமிருந்து 20 கிலோ வெள்ளைப் பீங்கான் மண்ணும் 5 கிலோ நிறமற்ற கிளேஸ் (பூசிச் சுட்டால் கண்ணாடிப் படலமாகும் பூச்சு) பொடியும் வரவழைத்தேன். இரண்டுமே கோன் 6 என்ற சூளை வெப்ப அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 1,220 முதல் 1,240 டிகிரி செல்சியஸ் வரை சுடுவதற்கு உரியவை. கிளேஸ் பையில் மட்டும் ‘எல்லா மண்ணுக்கும் ஏற்றது’ என்று கூடுதலாக ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பிப் பூசிச் சுட்ட 24 டம்ளர்களில் ஒன்றுகூட விற்பனைக்கு உதவவில்லை.

மண் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. காவிரி வண்டலில் பழகிய கைக்குப் பீங்கான் மண் எளிதில் வசப்படாது. தண்ணீர் சற்றுக் கூடினாலும் சக்கரத்திலேயே தொய்ந்துவிடும். இந்த மண்ணிலோ விளிம்பை மெல்லியதாக இழுக்க முடிந்தது, காயும்போது வெடிப்பும் விழவில்லை. சுட்டபின், கிளேஸ் பூசாத ஒரு துண்டை எடைபோட்டு, சில மணி நேரம் நீரில் கொதிக்கவைத்து மறுபடி எடைபோட்டேன். அரை விழுக்காடுகூட ஏறவில்லை. நன்கு இறுகிய பீங்கான் அப்படித்தான் இருக்க வேண்டும்.

குறை கிளேஸில்தான். சூளையைத் திறந்ததும் உள்ளிருந்து ‘டிங், டிங்’ என்ற ஒலி கேட்டது. மாலைக்குள் எல்லா டம்ளர்களின் உட்புறத்திலும் சிலந்தி வலை போல நுண்விரிசல் படர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் டம்ளருக்கு முதல் வேலை டிகிரி காப்பி. இரண்டே நாளில் டிகாக்‌ஷன் விரிசல்களுக்குள் இறங்கிப் பழுப்புக் கோடுகளாகப் படிந்தது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கறையோடு முடிவதில்லை, இத்தகைய விரிசல் பாத்திரத்தின் வலுவையும் குறைத்துவிடுகிறது.

சூளை ஆறும்போது மண்ணும் கிளேஸும் சேர்ந்தே சுருங்குகின்றன. கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால், இழுவிசை தாங்காமல் கீறிவிடும். மிகக் குறைவாகச் சுருங்கினால் விளிம்புகளில் சில்லுசில்லாக உரியும். ஸ்டோன்வேர் எனும், கல் போல இறுகும் மண்ணில் கரையாமல் எஞ்சும் குவார்ட்ஸ் என்ற கனிமம், ஆறுகையில் 573 டிகிரி அருகே சட்டென்று சுருங்கி, கிளேஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. பீங்கானிலோ அந்தக் குவார்ட்ஸின் ஒரு பகுதி ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் உருகலில் கரைந்து கண்ணாடியாகிவிடுவதால் அந்தப் பிடி தளர்கிறது. ஆகவே ஸ்டோன்வேரில் பழுதின்றி நிற்கும் கிளேஸ், குறிப்பாகச் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்தது, பீங்கானில் விரிசல் விடுவது வியப்பன்று.

நிறுவனத்துக்கு எழுதினேன், கிளேஸைத் தடிமனாகப் பூசியிருப்பீர்கள் என்று பதில் வந்தது. தடிமன் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் மூன்று தடிமன்களில் சோதனை ஓடுகள் சுட்டேன். மெல்லியதில் விரிசல் தாமதமாகவும் அகலமான இடைவெளியோடும் வந்தது, ஆனால் வராமல் இல்லை.

பிறகு, கிளேஸில் சிலிக்கா கூடினால் அதன் சுருக்கம் குறையும் என்பதால், விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்யும் நண்பரிடமிருந்து நைசான சிலிக்கா மாவு வாங்கி, கிளேஸ் பொடியின் எடையில் 5, 10, 15 விழுக்காடு எனக் கலந்து பார்த்தேன். கொதிநீரில் மூன்று நிமிடம், உடனே பனிக்கட்டி நீரில் மூன்று நிமிடம் என மும்முறை மாற்றி மாற்றி முக்கியபோது, 5 விழுக்காட்டு ஓடு விரிசல் விட்டது. 10 விழுக்காட்டு ஓடு தாங்கியது. 15 விழுக்காட்டு ஓடும் தாங்கியது, ஆனால் சரியாக உருகாமல் மங்கலாகத் தெரிந்தது. இப்போது 10 விழுக்காட்டுக் கலவையில்தான் டம்ளர்கள் சுடுகிறேன். ஒரு மாதமாகக் காப்பி ஊற்றியும் உட்புறம் வெண்மையாகவே இருக்கிறது.

மண்ணை மறுபடி வாங்குவேன். கிளேஸை, உணவுப் பாத்திரம் செய்வோர் பையில் உள்ளபடியே இந்த மண்ணில் பூச வேண்டாம். எந்த மண்ணில் சுட்டுச் சோதித்தோம் என்பதை நிறுவனம் அந்தப் பையிலேயே அச்சிட வேண்டும்.