ஆம்பூர் ஷூவும் கிரீச் சத்தமும்: இரண்டு வருட அனுபவம்

2023 தீபாவளிக்கு முன்னால் பெங்களூரிலிருந்து திரும்பும் வழியில், ஆம்பூர் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் இந்தக் கறுப்பு லேஸ் ஷூவை வாங்கினேன். 2,800 ரூபாய். மேலேயும் தோல், உள்ளே லைனிங்கும் தோல். கடையில் நாலு அடி நடந்து பார்த்தபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை. வாசலில் லாரி ஓடிக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்கும்?

கேட்டது தேர்வு அறையில். செமஸ்டர் தேர்வுக்குக் கண்காணிப்பு வேலை. அறுபது பேர் தலை குனிந்து எழுதுகிறார்கள். ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும். நான் எழுந்து நடந்தால் கிரீச், கிரீச். கடைசி பெஞ்சில் இருப்பவன் தலையைத் தூக்காமலே நான் எந்த வரிசையில் வருகிறேன் என்று சொல்லிவிடுவான். எலிகளுக்குச் செலவில்லாமல் பூனைக்கு மணி கட்டியாயிற்று.

வீட்டில் சொன்னதும் அம்மா தேங்காய் எண்ணெயை எடுத்து நீட்டினார். மேல்தோல் முழுக்கத் தடவி ராத்திரி ஊறவிட்டேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. சத்தம் அப்படியே இருந்தது. மடிப்பு விழும் இடத்தில் தோல் தொளதொளத்துப் போய், பாலிஷ் போட்டால் திட்டுத் திட்டாக நின்றது. அடுத்த அடைமழையில் பத்து நாள் போடாமல் வைத்திருந்ததில் வெள்ளையாகப் பூஞ்சை வேறு.

கடைசியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். ஷூவைக் காதோரம் வைத்து இரண்டு கையாலும் மடக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். உட்கார்ந்தபடி காலை மடக்கியபோது இடது கால் மட்டும் முனகியது. எழுந்து நின்று மிதித்தால்தான் வலது கால் கத்தியது.

"லெஃப்ட்ல லேஸுக்கு அடியில இருக்கிற நாக்கு உரசுது சார். ரைட்ல உள்ள பாதத்துக்கு அடியில இருக்கிற அட்டை. நீங்க மேல எண்ணெய் போட்டா அது எப்படி நிக்கும்?"

அவ்வளவுதான் விஷயம். வழவழப்பான இரண்டு பரப்புகள் அழுந்தும்போது ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன, பிடி விட்டு வழுக்குகின்றன, மறுபடி பிடிக்கின்றன. வயலின் வில் கம்பியை இழுக்கும்போது நடப்பதும் இதேதான். புதுத் தோலில் பூச்சு தேயாமல் இருப்பதால் பிடி அதிகம். ஆகவே எந்த இடம் எதன்மேல் உரசுகிறது என்று தெரியாமல் எதைத் தடவினாலும் வீண்.

வலது ஷூவில் அட்டை ஒட்டப்படாமல் சும்மா கிடந்தது. அதை எடுத்துவிட்டு, அடியில் பாண்ட்ஸ் பவுடரை ஒரு சிட்டிகை தூவி, விரலால் ஓரம் வரை தேய்த்து, திரும்ப வைத்தேன். அன்றைக்கே அடங்கியது. ஆனால் கால் வியர்த்தால் பவுடர் கட்டி தட்டிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பழையதைத் தட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இடது ஷூவின் நாக்கு கொஞ்சம் அடம் பிடித்தது. நாக்கின் இரண்டு ஓரத்தையும் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தோலுக்கான கண்டிஷனர் க்ரீமைப் பொட்டளவு தடவினேன். லேஸையும் ஒரு பிடி தளர்த்திக் கட்டினேன். மூன்று வாரத்தில் சத்தம் போனது. இதில் க்ரீமின் பங்கு எவ்வளவு, தோல் தானாகப் பழகியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எட்டாவது மாதம் வேறொரு சத்தம் வந்தது. கிரீச் இல்லை, களக் களக். ஹீல் விட்டிருந்தது. அதற்குப் பவுடரும் கிடையாது, க்ரீமும் கிடையாது. பெரியவர் பசை போட்டு ஆணி அடித்து அறுபது ரூபாய் வாங்கினார். பாதத்தின் வளைவுக்கு நேர் கீழே சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை ஆடுகிறது என்று அர்த்தமாம். அதற்கு ஷூவின் அடிப்பாகமான சோல் முழுவதையும் பிரிக்க வேண்டும். நல்லவேளை, எனக்கு அது வரவில்லை. இன்னொன்று: ஈரமான ஷூவை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைக்காதீர்கள். தோல் விறைத்துக்கொள்ளும், பசையும் விடும். நான் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்கிறேன்.

இப்போது மழை நாளில் டைல்ஸ் தரையில் மட்டும் கத்துகிறது. அது ஈர சோலின் குணம், விட்டுவிட்டேன். போன செமஸ்டரில் ஒரு பையன் பிட்டை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தான். பின்னால் நான் நின்றது அவனுக்குத் தெரியவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், போன வருடம் கோலாப்பூரில் செருப்பு வாங்கப் போனபோது, கடைக்காரர் அதை மடக்கி, சத்தம் வருகிறது பாருங்கள் என்று பெருமையாகக் காட்டினார். கருவேலம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட விறைப்பான தோல், அடுக்கடுக்காக வைத்து ஆணியில்லாமல் தோல்வாராலேயே தைத்தது. கர் கர் என்று பேசத்தான் செய்யும். எங்கள் தாத்தாவும் தெரு முனையில் திரும்பும்போதே செருப்புச் சத்தம் திண்ணைக்குக் கேட்க வேண்டும் என்று நினைக்கிற ஆள்தான். அந்தக் கோலாப்பூர் செருப்பின் வாருக்கு மட்டும் எண்ணெய் ஒத்துக்கொண்டது. இரண்டு சொட்டு தடவியதும் விரல் கடிப்பது நின்றது. அடித்தோலைத் தொடவில்லை. கர் கர் அப்படியே இருக்கிறது. தேர்வு அறைக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டு போவதில்லை.