பாசிக்குடாவில் "எல்லாம் சேர்த்து" என்றால் எல்லாமும் இல்லை

கல்யாணம் முடிந்த கையோடோ, கல்யாண நாளுக்கோ கிழக்கிலங்கையின் பாசிக்குடாக் கடற்கரையில் இரண்டு நாள் தங்கப் போகும் சோடிகளில் பலர், வெளிக்கிடும் காலையில் பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு முன்மேசையில் திகைத்து நிற்கிறார்கள். முற்பணம் கட்டும்போது சொன்ன விலை ஒன்று, கடைசியில் கேட்கிற காசு இன்னொன்று. வட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தில் "ஓல் இன்க்ளூசிவ், அடல்ட்ஸ் ஒன்லி", அதாவது எல்லாம் சேர்த்து, பெரியவர்கள் மட்டும், என்று கொட்டை எழுத்தில் இருந்திருக்கும். இந்த இரண்டும் அந்தந்த ஹோட்டல் தன்பாட்டுக்குப் போட்டுக்கொள்ளும் விதிகள். என்ன அடங்கும், என்ன அடங்காது என்பது அவர்கள் எழுதித் தரும் தாளில்தான் இருக்கிறது. தாள் வாங்காதவர் முன்மேசையில் வாதாட ஒன்றுமில்லை.

ஒரு பில்லை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். இருவர், இரண்டு இரவு, சொன்ன விலை இரவுக்கு 45,000 ரூபாய், "பிளஸ் பிளஸ்". தொலைபேசியில் பேசுபவர் அந்தப் பிளஸ் பிளஸ்ஸை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவார். முதல் பிளஸ் 10 வீத சேவைக் கட்டணம், அடுத்தது அரசாங்க வரி. வற் எனும் பெறுமதி சேர் வரி மட்டும் 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். 90,000 ரூபாய்க்குச் சேவைக் கட்டணம் 9,000. வற்றை 90,000 மேல் போட்டால் 16,200; சேவைக் கட்டணத்தையும் கூட்டி 99,000 மேல் போட்டால் 17,820. ஆக, ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கூடுதலாகக் குடிக்காமல் கணக்கு 115,200 இலிருந்து 116,820 வரை போய்விடுகிறது. சின்னச் சின்ன வரிகள் வேறு. வரி எடுப்பது களவு இல்லை. விலை சொல்லும்போது அதை மறைப்பதுதான் களவு. "டிஸ்கவுண்ட் எவ்வளவு" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வரி, சேவைக் கட்டணம் எல்லாம் போட்டு இரண்டு இரவுக்கும் நான் எண்ணித் தரும் கடைசித் தொகை எவ்வளவு" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். குரல் பதிவாக அனுப்பினால் "எழுதி அனுப்புங்கோ அண்ணன்" என்று திருப்பிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்குக் கீழேதான் பில்லின் மற்றச் செலவுகள் வருகின்றன. மெஷினில் வரும் ஜூஸ் சேர்த்தி, அடித்துத் தரும் பழச்சாறு சேர்த்தி இல்லை. உள்நாட்டுப் பியரும் சாராயமும் சேர்த்தி, வெளிநாட்டு விஸ்கி இல்லை. அறைக்குள் முதல் இரண்டு தண்ணீர்ப் போத்தல் இலவசம், மூன்றாவதிலிருந்து காசு. குளிர்பெட்டிக்குள் இருப்பது எதுவுமே சேர்த்தி இல்லை. பஃபே சேர்த்தி, கடற்கரையில் மெழுகுதிரி வைத்துப் போடும் மேசை தனிக் கணக்கு. கட்டிலில் பூவால் இதயம் போட்டு, துவாயில் அன்னம் மடித்து வைத்துவிட்டு "ஹனிமூன் டெக்கரேஷன்" என்று பில்லில் ஏற்றும் இடங்களும் உண்டு. நீங்கள் கேட்டதா, அவர்கள் தானாகச் செய்ததா என்பதற்குச் சாட்சி நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப் செய்திதான்.

பெரிய அடி விழுவது கடலுணவில். மெனுவில் சிங்க இறாலுக்கும் பெரிய நண்டுக்கும் விலைக்குப் பதிலாக "சந்தை விலை" என்று இருக்கும், அல்லது 100 கிராமுக்கு ஒரு விலை இருக்கும். 100 கிராம் 1,800 ரூபாய் என்றால் கேட்கச் சின்னத் தொகை. தட்டில் வருவது 700 கிராம் என்றால் 12,600 ரூபாய், அதன் மேல் மறுபடி சேவைக் கட்டணமும் வரியும். பரிமாறுபவர் வந்து "சேர், இண்டைக்கு நல்ல இறால் வந்திருக்கு, போடட்டா?" என்று கேட்பார். பஃபேக்குள் அடங்கும் என்று நினைத்துத் தலையாட்டுவதோடு கதை முடிந்தது. சமைக்க முதல் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நிறையையும் விலையையும் ஓடர் துண்டில் எழுதச் சொல்லுங்கள். ஓட்டோடு நிறுத்ததா, தலை நீக்கியா என்பதையும் கேட்டுவிடுங்கள். பக்கத்து ஊரான வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகமே இருக்கிறது. காலையில் அங்கே என்ன விலை போகிறது என்று உங்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரருக்குத் தெரியும். ஒரு தரம் விசாரித்தால் போதும்.

துண்டு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாரில் ஒவ்வொரு தரமும் ஒரு துண்டு நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். பக்கேஜுக்குள் அடங்கியதென்றால் தொகை இருக்கும் இடத்தில் பூச்சியம் போட்டிருக்க வேண்டும். வெறுமையாக விட்ட துண்டில் கையெழுத்துப் போட்டால் பிறகு எந்த எண்ணும் ஏறலாம். கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தை எழுதி, கீழே மிஞ்சும் வெற்று வரிகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு இரவும் படுக்கப் போகமுதல் முன்மேசையில் அன்றைய கணக்கை அச்சடித்து வாங்கினால் பிழையை அன்றைக்கே திருத்தலாம். மூன்றாம் நாள் காலையில் வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது யாராலும் கணக்குப் பார்க்க ஏலாது. அவசரத்தில் அட்டையைக் கொடுத்தால் "காட் எண்டா 3 வீதம் கூட" என்பார்கள். அந்த 3 வீதத்தை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது என்று மத்திய வங்கி பல தடவை அறிவித்திருக்கிறது. அட்டை தந்த வங்கிக்குச் சொன்னால் நடவடிக்கை எடுக்க முடியும்.

நேரக் கணக்கிலும் ஒரு சாப்பாடு காணாமல் போகும். வழமையாக அறை தருவது பின்னேரம் 2 மணிக்கு, விடச் சொல்வது மதியம் 12 மணிக்கு. இரண்டு இரவு என்றால் இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு இரவுச் சாப்பாடு வரவேண்டும். 2 மணிக்கு அறைக்குள் போகும்போது மதியச் சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிடுகிறார்கள், கடைசி நாள் 12 மணிக்கு அதை இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். பக்கேஜ் மதியச் சாப்பாட்டில் தொடங்குகிறதா, இரவுச் சாப்பாட்டில் தொடங்குகிறதா என்பதைத் தாளில் எழுத வையுங்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் வாழைச்சேனையில் இறங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டோவில் போய் இறங்கினால் 2 மணி வரை வரவேற்பறைக் கதிரைதான், அல்லது முன்கூட்டி அறை எடுக்கத் தனிக் காசு.

அடுத்தது மது. போயா எனும் முழுநிலா நாளில் மது விற்பனைக்குத் தடை. நீண்ட வார விடுமுறை பெரும்பாலும் போயாவோடு சேர்ந்தே வரும், அறை விலையும் அன்றைக்குத்தான் ஏறும். பார் மூடியிருக்கும், பக்கேஜ் விலையில் ஒரு சதம் குறையாது. கலண்டரைப் பார்த்துவிட்டுத் திகதி போடுங்கள். இன்னொன்று: "அடல்ட்ஸ் ஒன்லி" என்பது 18 வயதாக இருக்கலாம், ஆனால் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது கொடுப்பது சட்டப்படி பிழை. இருபது வயது மணப்பெண்ணுக்கும் முழுக் காசு வாங்குவார்கள், கொடுப்பது கோலாதான்.

காத்தான்குடி, ஓட்டமாவடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து போகும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கும், குடிக்காத மற்றவர்களுக்கும் இந்தப் பக்கேஜே தேவையில்லை. மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த "ஃபுல் போர்ட்" விலைக்கும் ஓல் இன்க்ளூசிவ் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு மதுவுக்குத்தான். ஆளுக்கு நாளைக்கு இரண்டு தேநீரும் ஒரு தம்பிலியும் குடிப்பவர் அவ்வளவையும் அடுத்த மேசைக்காரனுக்காகக் கட்டுகிறார். ஹலால் என்றால் இறைச்சி எங்கிருந்து வருகிறது, சமையலறையில் தனிப் பாத்திரமா என்பதையும் முற்பணத்துக்கு முதல் கேட்க வேண்டும். பஃபே மேசையில் நின்று கேட்டால் "எல்லாம் ஹலால்தான் சேர்" என்ற பதில்தான் வரும்.

"அமைதி, சிறுவர்கள் இல்லை" என்று நம்பிப் போய், நீச்சல் குளத்தில் ஒரு கந்தோரின் சுற்றுலா பஸ் முழுக்க இறங்கி நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. இரவு தங்குவோருக்குத்தான் வயதுக் கட்டுப்பாடு, பகலில் வந்து போகும் கூட்டத்துக்கு இல்லை என்பார்கள். ஞாயிறு, பாடசாலை விடுமுறை, ஏப்ரல் புத்தாண்டு இவற்றில் இது கூடுதலாக நடக்கும். கல்யாண மண்டபத்தோடு சேர்ந்த ஹோட்டல் என்றால் டிஜே வேறு. நீங்கள் நிற்கும் திகதிகளில் கல்யாணமோ பகல் கூட்டமோ பதிவாகியிருக்கிறதா என்று நேரே கேளுங்கள். "தனியார் கடற்கரை" என்று விளம்பரம் செய்பவரையும் நம்பாதீர்கள். அலை அடிக்கும் கரை அரசுக்குரியது. எந்த ஹோட்டலும் அதை உங்களுக்கு மட்டும் தர முடியாது.

விலை பாதியாக விழுந்தால் மாதத்தைப் பாருங்கள். பாசிக்குடாக் கடல் ஆழமில்லாமல், நெடுந்தூரம் நடந்து போகக்கூடியதாகக் கிடப்பது ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை. அப்போதும் கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் ஏசி இரவில் மட்டும்தான் என்றால் பகல் முழுக்க அவிந்து போவீர்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரியும் வாடையும்: கடல் கலங்கி, கண்ணாடிப் படகு ஓடாது, பக்கேஜில் இருக்கும் "நீர் விளையாட்டு" தாளோடு நிற்கும். காலநிலைக்குக் காசு திருப்பித் தரமாட்டோம் என்ற வரி ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அறுகம்பைப் பயணத்தையும் இலவசமாகச் சேர்த்துக்கொடுப்பதாகச் சொல்பவர்கள் தூரத்தைச் சொல்வதில்லை. பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று தாண்டி, அறுகம்பைக்குப் பக்கத்துப் பொத்துவிலுக்குப் போக 130 கிலோமீற்றருக்கு மேல். போய்வரும்போது ஒரு பகல் வானுக்குள்ளேயே போய்விடும், அன்றைய இரண்டு சாப்பாடும் ஹோட்டலுக்கு மிச்சம்.

வாசலில் வைத்தே திருப்பி அனுப்பும் சம்பவங்களும் நடக்கின்றன. அடையாள அட்டைகளில் முகவரி வேறு வேறாக இருந்தால் விவாகச் சான்றிதழ் கேட்கும் இடங்கள் உண்டு. புதிதாக முடித்தவர்கள் அட்டை மாற்றியிருக்க மாட்டார்கள். சான்றிதழின் படத்தைத் தொலைபேசியில் வைத்திருங்கள். ஒருவர் கனடா, லண்டன் கடவுச்சீட்டில் வந்தால் உள்ளூர் விலை செல்லாது என்று டொலர் விலைக்கு மாற்றுவார்கள். அந்த டொலரை ரூபாவாக்கும்போது வங்கி விலையை விட ஹோட்டல் போடும் விலை கூடுதலாக இருக்கும். ஒருவரிடம் மட்டும் இலங்கை அட்டை இருந்தால் என்ன விலை என்பதை முற்பணத்துக்கு முதலே எழுத்தில் கேட்க வேண்டும்.

முற்பணம் போகும் கணக்கைப் பாருங்கள். ஹோட்டலின் பெயரில் கம்பனிக் கணக்கு இல்லாமல் தனியாள் பெயரில் கணக்கு இலக்கம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உண்மையான ஹோட்டலின் படங்களை எடுத்துப் போட்ட போலி முகநூல் பக்கங்கள் இருக்கின்றன. பக்கத்தின் விபரப் பகுதியில் எப்போது தொடங்கியது, பெயர் எத்தனை தரம் மாறியது என்பது தெரியும். போன மாதம் சேலை விற்ற பக்கம் இந்த மாதம் ரிசோர்ட் ஆகியிருக்கும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவான இடமா என்று 1912 க்கு அழைத்து விசாரிக்கலாம்.

ஏமாந்த பிறகென்றால்: பில்லில் சண்டையான தொகைக்குப் பக்கத்தில் "ஆட்சேபனையுடன் செலுத்தினேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, பிரதி வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். விளம்பரத்தின் படம், வட்ஸ்அப் உரையாடல், வங்கி ரசீது, இறுதி பில், பார்த் துண்டுகளின் படங்கள் இவ்வளவையும் திகதி வரிசையில் இணையுங்கள். உரையாடலை அழித்துவிட்டு "அவர் அப்பிடித்தான் சொன்னவர்" என்று போய் நிற்பவரின் கோப்பு முதல் மேசையிலேயே நின்றுவிடும்.